குன்னூர் பழைய ரெக்கார்டு கடையும் அதன் தேதிச் சீட்டும்

பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பூங்காவுக்கு ஏறும் வழியில், தையல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது கடை. பெயர்ப்பலகை கிடையாது. மேல் குன்னூரில் ரெக்கார்டு கடை என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் காட்டிவிடுவார்கள். ஒரே அறை, மூன்று மர அலமாரி, ஜன்னலோரம் ஒரு மேசை, அதன் மேல் ஒரு பிளேயர். இசைத்தட்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்காமல் புத்தகம் போல நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பத்து பதினைந்து தட்டுக்கு ஒரு தடுப்புப் பலகை இருப்பதால் எதுவும் சாய்ந்து நிற்கவில்லை. மலையில் பழைய சாமான் விற்கும் மற்ற இடங்களைப் பார்த்தவர்களுக்கு இதுவே பெரிய ஆறுதல்.

சரக்கு வேறெங்கும் இப்படிக் கலந்து வராது. எஸ்டேட் பங்களாக்களிலிருந்து வந்த இங்கிலாந்து தட்டுகள், வெலிங்டன் ராணுவக் குடும்பங்கள் மாற்றலாகும்போது விட்டுப்போன இந்தி எல்.பி.க்கள் (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டுகள்), குன்னூர், அரவங்காடு, கோத்தகிரி வீடுகளிலிருந்து வந்த தமிழ்த் திரைப்பாடல், பக்திப் பாடல் தட்டுகள், கீழே இரண்டு மரப்பெட்டி நிறைய நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய 78 வேகத் தட்டுகள். தமிழ் எல்.பி. 600 ரூபாயிலிருந்து 1,800 வரை, ஈ.பி. என்னும் சில பாட்டு மட்டும் உள்ள சிறிய தட்டு 200 முதல் 400, இங்கிலாந்துத் தொகுப்புகள் 400 முதல் 900. கோவையோடு ஒப்பிட்டால் தமிழ்த் தட்டு கொஞ்சம் கூடுதல், ஆங்கிலத் தட்டு மலிவு.

இந்தக் கடையைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருப்பது விலைக்காக அல்ல. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கிறது. பென்சிலில் ஓர் ஆண்டு, அதன் கீழ் ஒன்றிரண்டு சொல்லில் காரணம். வெளியிலிருந்து நாம் கொண்டுபோகும் தட்டுக்கும் 100 ரூபாய் வாங்கிக்கொண்டு தேதி பார்த்துச் சீட்டு எழுதித் தருகிறார்கள். தமிழ்நாட்டில் பழைய தட்டு விற்பவர்களில் பெரும்பாலோர் 'ஒரிஜினல் ஓல்டு' என்பதோடு நிறுத்திக்கொள்ளும்போது, காரணத்தோடு ஓர் ஆண்டை எழுதித் தருவது மதிக்க வேண்டிய வேலை. தனிப் படத்தின் பாட்டுத் தட்டுகளுக்கு அந்தச் சீட்டை ஏறக்குறைய அப்படியே நம்பலாம். பல இடத்துப் பாட்டுகளைச் சேர்த்த தொகுப்புத் தட்டுகளில்தான் சறுக்குகிறது. எங்கே, எதனால் என்று தெரிந்துகொண்டால் வாங்குபவருக்கும் நல்லது, கடைக்கும் நல்லது.

தொகுப்புத் தட்டு ஒன்றுக்கு மூன்று வயது உண்டு. பாட்டுகள் பதிவான ஆண்டு ஒன்று. அவற்றைச் சேர்த்து ஒரு தட்டாக வெளியிட்ட ஆண்டு ஒன்று. நம் கையில் இருக்கும் அந்தப் பிரதியை ஆலையில் அச்சடித்த ஆண்டு மற்றொன்று. ஒரே தொகுப்பு பத்து வருஷம் விற்றால் பத்து வருஷமும் அதே கேட்டலாக் நம்பரில் (வெளியீட்டுக்குக் கம்பெனி கொடுக்கும் எண்) திரும்பத் திரும்ப அடித்திருப்பார்கள். தேடித் தேடி வாங்குபவர் பணம் கொடுப்பது மூன்றாவது ஆண்டுக்கு. கடைச் சீட்டில் பெரும்பாலும் இருப்பது முதல் ஆண்டு. கேட்டால் கடைக்காரர் மறைக்காமல் சொல்கிறார்: "பாட்டு வந்த வருஷத்தைப் போட்டாத்தானுங்க வர்றவங்களுக்குப் புரியுது." புரியலாம். ஆனால் அந்த ஆண்டை நம்பி விலை போடும்போது கணக்கு தப்பிவிடுகிறது.

ஒரு தட்டையே எடுத்துப் பார்க்கலாம். எம்.ஜி.ஆர். படப் பாடல்கள் பன்னிரண்டு, பக்கத்துக்கு ஆறு. சீட்டில் '1968, கடைசிப் படம்' என்று எழுதி 1,600 ரூபாய் போட்டிருந்தார்கள். கடைசிப் படம் என்ற விதி நல்ல விதிதான். தொகுப்பில் உள்ள பாட்டுகளின் படங்களை வரிசையாக எழுதி, எது கடைசியாக வந்தது என்று பார்த்தால், அதற்கு முன் அந்தத் தொகுப்பு இருந்திருக்க முடியாது. ஆனால் அது கீழ் எல்லை மட்டும்தான். மேல் எல்லையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 1968 படத்தோடு முடியும் தொகுப்பை 1980இல்கூட வெளியிடலாம். அந்தக் கீழ் எல்லைக்குள்ளும் ஒரு நெளிவு இருக்கிறது. படம் திரைக்கு வருவதற்குச் சில மாதம் முன்பே பாட்டுத் தட்டு கடைக்கு வந்துவிடுவது வழக்கம். படம் தாமதமானால் இடைவெளி இன்னும் கூடும். அதனால் ஜனவரியில் வந்த படம் என்றால் தட்டு முந்தைய ஆண்டுடையதாக இருக்க இடமுண்டு. ஒரே பெயரில் இரண்டு படம் வந்திருந்தால் பாடகர், இசையமைப்பாளர் பெயரைச் சேர்த்துப் பார்க்காமல் ஆண்டு எழுதவே கூடாது.

இனி உறை. பின்பக்கம் அடியில் கம்பெனியின் சென்னைக் கிளை முகவரி 'மெட்ராஸ் 600 002' என்று இருந்தது. நம் நாட்டில் ஆறு இலக்க பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதற்கு முன் 'மெட்ராஸ்-2' என்று மண்டல எண் மட்டும் போடுவார்கள். ஆக, சீட்டில் உள்ள 1968 அந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போகிறது. முன்பக்கத்தில் நடிகரின் பெயருக்கு மேல் 'புரட்சித் தலைவர்' என்ற பட்டம். 'மக்கள் திலகம்', 'புரட்சி நடிகர்' இரண்டும் பழையவை. 'புரட்சித் தலைவர்' என்பது 1972 அக்டோபரில் அ.தி.மு.க. தொடங்கியதை ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தது. பின்கோடும் பட்டமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள். இரண்டும் 1972க்குப் பின் என்றே சொல்கின்றன. இப்படித் தனித்தனியாக வரும் சாட்சிகள் ஒத்துப்போவதுதான் வலு. ஒரே இடத்திலிருந்து எடுத்த இரண்டு தகவல் ஒன்றையொன்று உறுதி செய்யாது.

மேல் எல்லைக்கு முதலில் எழுத்தைப் பார்க்க வேண்டும். தமிழ் உறைகளில் இது அருமையான தடயம், பலர் கவனிப்பதில்லை. லை, னை, ணை, ளை எழுத்துகளுக்கு முன்னால் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். ணா, றா, னா எழுத்துகளில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து சுழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பழைய எழுத்து. 1978 அக்டோபரில் தமிழக அரசு ஆணை போட்டுப் பெரியாரின் சீர்திருத்த எழுத்தை ஏற்றது. மாறியவை மொத்தம் 13 எழுத்துகள். ஆனால் அச்சகத்தில் இருந்த ஈய எழுத்துகளை யாரும் மறுநாளே உருக்கிவிடவில்லை. தலைப்பைக் கையால் எழுதும் ஓவியர்களும் பழக்கத்தை உடனே விடவில்லை. எனவே பழைய எழுத்து இருந்தால் '1970களின் கடைசிக்குள் இருக்கலாம்' என்று மட்டும் கொள்ள வேண்டும். மறுபக்கம் இன்னும் சிக்கல். பெரியாரின் பத்திரிகைகள் 1935லிருந்தே புதிய எழுத்தில் வந்தவை. என்றாலும் வணிக உறையின் அச்சு வரிகளில் முழுக்கப் புதிய எழுத்து இருந்தால் அது 1978க்குப் பிந்தையது என்று கொள்வதில் தவறு வருவது அபூர்வம். இந்த எம்.ஜி.ஆர். உறையில் தலைப்பும் பாட்டுப் பட்டியலும் இரண்டுமே பழைய எழுத்து.

உண்மையான மேல் எல்லை விலை ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது. பின்பக்க மூலையில் நீல மசியில் மணமக்களுக்கு அன்பளிப்பு என்று எழுதி 1976 ஜனவரித் தேதி. பாதி எழுத்து ஸ்டிக்கருக்கு வெளியே தெரிந்தது, தேதி உள்ளே மறைந்திருந்தது. கல்யாணப் பரிசாகக் கொடுத்த கையெழுத்துத் தேதியைவிட நல்ல சாட்சி கிடையாது. அன்றைக்கு அந்த உறை இருந்திருக்கிறது, அவ்வளவுதான் வேண்டியது. மசி உறையின் தாளில் ஊறி விளிம்பு பரவியிருக்கிறதா என்று 10 மடங்கு லென்ஸில் பார்க்கலாம். பழைய மைப்பேனா எழுத்து நாரோடு சேர்ந்து ஊறியிருக்கும், பளபளப்பு இருக்காது. இங்கே அப்படித்தான். ஆக உறை 1972 அக்டோபருக்கும் 1976 ஜனவரிக்கும் இடைப்பட்டது. '1968' என்று ஒற்றை ஆண்டு எழுதுவதைவிட '1972 கடைசி முதல் 1975 வரை' என்று எழுதுவது எவ்வளவோ மேல். அகலமாக இருந்தாலும் உண்மை.

கடையின் பெரிய குறை இந்த ஸ்டிக்கர்தான். பழைய உறையின் பிளாஸ்டிக் பூச்சு மேல் நேரடியாக ஒட்டுகிறார்கள். உரித்தால் பூச்சும் அதன் கீழுள்ள மசியும் சேர்ந்து வருகின்றன. பூச்சில்லாத உறையில் தாளே கிழிகிறது. ஸ்டிக்கர் ஒட்டும் இடமும் பெரும்பாலும் மூலை. பழைய டீலர் முத்திரை, பரிசுக் குறிப்பு, விலை முத்திரை எல்லாம் இருக்கும் இடமும் அதே மூலை. தேதி பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் கடை தன் கையாலேயே சாட்சியை மூடுவது வருத்தமாக இருக்கிறது. வெளியே ஒரு பாலித்தீன் உறை போட்டு அதன் மேல் ஒட்டினால் போதும், தட்டுக்கு ஐந்து ஆறு ரூபாய்கூட ஆகாது. வாங்கிய பின் எடுக்க வேண்டுமென்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஓர் அடி தள்ளிப் பிடித்து, பசை இளகியதும் ஒரு மூலையிலிருந்து உறையோடு ஒட்டியபடியே மெல்ல மடக்கி இழுக்க வேண்டும். தட்டை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும்.

டீலர் முத்திரைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஊட்டி, குன்னூர்க் கடைகளின் பழைய ரப்பர் முத்திரைகளில் 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று இருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரி 14க்கு முந்தையது. அன்றுதான் மாநிலத்தின் பெயர் அதிகாரபூர்வமாகத் தமிழ்நாடு ஆனது. 643 001, 643 101 என்று பின்கோடு இருந்தால் 1972க்குப் பின். விலை முத்திரையில் நயா பைசா இருந்தால் 1964க்கு முன். அந்த ஆண்டு ஜூனில் 'நயா' போய்விட்டது. இவை எல்லாம் விற்ற தேதிக்குச் சாட்சி. ரப்பர் முத்திரையைத் தேயும்வரை மாற்றாத கடைக்காரர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. புதிய விவரம் இருந்தால் உறுதியாக நம்பலாம், பழைய விவரம் இருந்தால் பாதிதான் நம்பலாம். இந்த ஒருதலைக் கணக்கு எல்லாத் தடயத்துக்கும் பொருந்தும்.

இவ்வளவும் உறை. உள்ளே இருக்கும் தட்டு அதே உறையோடு பிறந்ததா என்பது அடுத்த கேள்வி. உறையை மொத்தமாக அச்சடித்து வைத்துக்கொண்டு தட்டை மட்டும் தேவைக்கேற்ப அடித்த காலம் அது. பழைய உறையில் புதுப் பிரஸ்ஸிங் (புதிதாக அச்சடித்த தட்டு) ஆலையிலிருந்தே வந்திருக்கலாம். வீட்டில் மாற்றிப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. முதலில் லேபிள் விளிம்பில் சுற்றி ஓடும் கம்பெனிப் பெயரைப் படியுங்கள். எச்.எம்.வி., கொலம்பியா, ஏஞ்சல், ஓடியன் எந்த லேபிளாக இருந்தாலும் இங்கே ஒரே கிராமபோன் கம்பெனிதான், ஆலை கல்கத்தா டம்டம். 1960களின் தட்டுகளில் கம்பெனிப் பெயரில் 'பிரைவேட்' என்ற சொல் இருக்கும், பின்னால் அது போய்விட்டது. 'சரிகம' என்ற கம்பெனிப் பெயர் 2000இல் வந்தது. லேபிளின் நிறத்தை வைத்து மட்டும் ஆண்டு சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரே மாதத்தில் இரண்டு நிறம் புழங்கியதற்குத் தட்டுகளே சாட்சி.

அடுத்து ரன்-அவுட், அதாவது கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வழுவழுப்பான வளையம். அதில் மேட்ரிக்ஸ் நம்பர், அதாவது அந்தப் பக்கத்தின் மூல அச்சு எண், பொறித்திருக்கும். கடையில் டியூப் லைட்டின் கீழ் அது தெரியாது. தட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே பிடித்து, போன் டார்ச்சைத் தட்டின் பரப்போடு ஒட்டினாற்போலச் சாய்த்து அடித்தால் எழுத்து நிழலோடு எழும்பி வரும். அப்போதும் புரியாவிட்டால் பட்டர் பேப்பர் துண்டு ஒன்றை அந்த வளையத்தின் மேல் மட்டும் வைத்து 4பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பதிந்துவிடும். பாட்டு வரிகளின் (ஊசி ஓடும் பள்ளங்களின்) மேல் தாள் உரசக் கூடாது. கடைக்காரர் லென்ஸும் பட்டர் பேப்பரும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார், கேட்டால் தருகிறார். இதற்காகவே அவருக்கு ஒரு நட்சத்திரம் கூடப் போடலாம்.

மேட்ரிக்ஸ் நம்பரின் கடைசியில் கோடு போட்டு வரும் 1, 2, 3 என்பது அந்தப் பக்கத்தை மூல அச்சுக்காக எத்தனையாவது முறையாக வெட்டினார்கள் என்பது. இந்தத் தட்டில் முதல் பக்கம் 1, இரண்டாம் பக்கம் 2. முதல் வெட்டில் ஏதோ கோளாறு இருந்திருக்கலாம், அல்லது அச்சு தேய்ந்து மறுபடி வெட்டியிருக்கலாம். இரண்டாவது காரணம் என்றால் இது முதல் பிரஸ்ஸிங் இல்லை. எண்ணை மட்டும் வைத்து எது என்று தீர்க்க முடியாது. இரண்டு பக்கமும் 1 உள்ள பிரதி கண்ணில் பட்டால் அதுதான் முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம். லேபிளில் 'பிரைவேட்' இல்லை, லேபிளின் கேட்டலாக் நம்பரும் உறையின் நம்பரும் ஒன்று, உறையில் பதிந்திருந்த வட்டத் தழும்பும் ஓரக் கிழிசலும் ஒரே தட்டு பல வருஷம் உள்ளே இருந்ததைக் காட்டின. எனவே தட்டும் உறையும் ஜோடி என்று எடுத்துக்கொள்ளலாம். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் சீட்டைத் திருத்தி, விலையையும் 1,100க்கு இறக்கினார். வாதம் செய்யவில்லை. காரணத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.

அவரிடம் உள்ள உண்மையான சொத்து அலமாரியில் இல்லை. மேசை மேல் நைந்துபோன நீள நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் கேட்டலாக் முன்னெழுத்து வாரியாக, தேதி உறுதியான தட்டுகளின் எண்களை எழுதி வைத்திருக்கிறார். எச்.எம்.வி. மோனோ (ஒற்றைத் தட ஒலி) எல்.பி.க்கு ஈ.சி.எல்.பி., ஸ்டீரியோவுக்கு (இரட்டைத் தட ஒலி) ஈ.சி.எஸ்.டி., பாலிடார் கம்பெனிக்கு 2392 என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம். தேதி தெரியாத தட்டின் எண்ணுக்கு இருபுறமும் தேதி தெரிந்த எண்கள் இருந்தால் நடுவில் உள்ளதை மதிப்பிடலாம். நல்ல முறை. இரண்டு இடத்தில் கவிழ்க்கும். ஒன்று, எண்களைக் கட்டாக ஒதுக்கிவைத்துப் பின்னால் வெளியிட்டார்கள், எண் முந்தியது என்பதால் தட்டும் முந்தியது என்று ஆகாது. இரண்டு, இந்த முறை சொல்வது தொகுப்பு முதலில் வந்த ஆண்டைத்தான், கையில் உள்ள பிரஸ்ஸிங்கின் ஆண்டை அல்ல. நோட்டில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் எதை வைத்து அந்தத் தேதி என்று ஒரு வார்த்தை எழுதினால் அதன் மதிப்பு பல மடங்கு கூடும். இப்போது பாட்டுப் புத்தகத்தில் பார்த்ததும் யாரோ சொன்னதும் ஒரே மசியில் இருக்கின்றன.

பாட்டுப் புத்தகம் என்றதும் இன்னொன்று. தியேட்டர் வாசலில் விற்ற பழைய பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு கடையில் இருக்கிறது, விற்பனைக்கு இல்லை, புரட்டலாம். படத்தின் ஆண்டைச் சரிபார்க்க சினிமா வரலாற்றுத் தகவல் சேகரித்த பிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த பட்டியல்களும் இதுவும் போதும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பாட்டுப் புத்தகங்களும் பழைய சினிமாப் பத்திரிகைகளும் அங்கே உண்டு. பத்திரிகையில் வந்த புதுத் தட்டு விளம்பரம் கிடைத்தால் அதற்கு நிகரான ஆதாரம் வேறில்லை.

பக்திப் பாடல் தொகுப்புகளுக்குப் படத்தின் ஆண்டு உதவாது. அங்கே பட்டங்கள் கைகொடுக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமி தொகுப்பு ஒன்றின் உறைக் குறிப்பில் சங்கீத கலாநிதி இருந்தது, பத்ம விபூஷண் இல்லை. முதலாவது 1968, இரண்டாவது 1975. மகசேசே விருது 1974, அதுவும் இல்லை. கடைச் சீட்டில் '1968-74' என்று எழுதியிருந்தார்கள். ஒரு சின்ன திருத்தம் தவிர நல்ல சீட்டு. இருக்கும் பட்டம் உறுதியான கீழ் எல்லை, இல்லாத பட்டம் பலவீனமான மேல் எல்லை. பழைய குறிப்பையே மறுபடி அச்சடித்திருந்தால் புதுப் பட்டம் ஏறியிருக்காது. எனவே மேல் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்க வேண்டும். பாலமுரளிகிருஷ்ணாவுக்கு பத்மஸ்ரீ 1971, சீர்காழி கோவிந்தராஜனுக்கு 1983. இவற்றையும் இதே போலப் பயன்படுத்தலாம்.

லேபிளில் வட்டத்துக்குள் பி எழுத்தும் ஆண்டும் இருந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒலிப்பதிவு முதலில் வெளியான ஆண்டு. தொகுப்பில் பழைய பாட்டுகளுக்கு அந்தப் பழைய ஆண்டையே போட்டிருப்பார்கள், சில தட்டில் தொகுப்பின் ஆண்டைப் போட்டிருப்பார்கள். 1984 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டத் திருத்தப்படி தட்டிலும் உறையிலும் தயாரித்தவர் பெயர், முகவரி, காப்புரிமை உரியவர் பெயர், முகவரி, முதல் வெளியீட்டு ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும். இவை முழுசாக இருந்தால் தட்டு அதற்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். உறையில் கேசட் எண்ணும் சேர்ந்திருந்தால் அந்தப் பிந்தைய காலம் என்றே யோசியுங்கள்.

'ஸ்டீரியோ' என்ற சொல்லும் தொகுப்புகளில் ஒரு தடயம். 60களின் தமிழ்த் திரைப்பாடல்கள் மோனோவில் பதிவானவை. அவற்றைத் தொகுத்த தட்டில் ஸ்டீரியோ என்று இருந்தால் பின்னால் எலக்ட்ரானிக் முறையில் பிரித்தது, ஆக மறுவெளியீடு. காதால் சோதிக்க ஆம்ப்ளிஃபையரில் ஒரு ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுத்து, இரண்டு ஸ்பீக்கரையும் எதிரெதிரே நெருக்கி வைத்தால், சுத்த மோனோவில் பாட்டு மெலிந்து சட்டென்று சுருங்கிவிடும். பிரித்த ஸ்டீரியோவில் அப்படி முழுக்க அடங்காது.

எஸ்டேட் பெட்டிகளில் வந்த இங்கிலாந்துத் தொகுப்புகளுக்கு இந்தக் கடைச் சீட்டு சுமார்தான். லேபிளில் 'ரெக்கார்டிங் ஃபர்ஸ்ட் பப்ளிஷ்டு' என்று இருக்கும் ஆண்டை அப்படியே வெளியீட்டு ஆண்டாக எழுதிவிடுகிறார்கள். அது பாட்டின் ஆண்டு. இ.எம்.ஐ. என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் தட்டுகளில் விளிம்பில் 'தி கிராமபோன் கம்பெனி லிமிடெட்' என்று இருந்தால் 1973க்கு முன், 'இ.எம்.ஐ. ரெக்கார்ட்ஸ் லிமிடெட்' என்று இருந்தால் அதற்குப் பின். உறையின் முன்தாள் பின்பக்கம் மடிந்து வெளியே ஒட்டியிருந்தால் பெரும்பாலும் 1960கள். விலை ஷில்லிங்கில் இருந்தால் 1971 பிப்ரவரி 15க்கு முன். ரன்-அவுட்டில் மேட்ரிக்ஸ் நம்பரை ஆறு மணி இடத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்பது மணி இடத்தில் 'மதர்' (ஸ்டாம்பரை எடுக்கும் உலோக மூலம்) எண்ணும் மூன்று மணி இடத்தில் ஸ்டாம்பர் (தட்டை அழுத்தும் அச்சு) எழுத்துகளும் இருக்கும். 'GRAMOPHLTD' என்ற பத்து ஆங்கில எழுத்துகளும் வரிசையாக 1 முதல் 9 வரை, கடைசி எழுத்து 0. ஜி, ஓ என்று இருந்தால் 15ஆவது ஸ்டாம்பர். இது முந்தைய அச்சா பிந்தைய அச்சா என்று சொல்லும், ஆண்டு சொல்லாது. அமெரிக்கத் தட்டு என்றால் முகவரியில் ஜிப் கோடு (அந்நாட்டு அஞ்சல் எண்) இருக்கிறதா என்று பாருங்கள், அது 1963 ஜூலையில் வந்தது.

தட்டுகளின் நிலைக்கு வருவோம். நீலகிரியின் ஈரத்தில் பூஞ்சைதான் பெரிய எதிரி. உறையைத் திறந்ததும் மக்கிய வாசனை வந்தால், தட்டைச் சாய்த்துப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகள் அல்லது சிலந்திவலை போல ஒரு மங்கல் தெரியும். மேலாக இருந்தால் கழுவினால் போகும், வரிக்குள் இறங்கியிருந்தால் கழுவிய பின்னும் படபடவென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். கடையில் தட்டுக்கு 40 ரூபாய்க்குக் கழுவித் தருகிறார்கள். அவர்கள் கலவை சரியானது: ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், 200 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், போட்டோ கழுவும்போது பயன்படுத்தும் வெட்டிங் ஏஜென்ட் மூன்று சொட்டு. ஊட்டி இந்துநகரில் ஃபிலிம் தொழிற்சாலை ஓடிய இந்த மலையில் அந்தச் சொட்டு மருந்தைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: 78 வேகத் தட்டுகளை இந்தக் கலவையில் கழுவக் கொடுக்கவே கூடாது. அவை அரக்கில் செய்தவை, அரக்கு ஆல்கஹாலில் கரையும். கனமாக, தட்டினால் ஓடு போல ஒலிக்கும் தட்டு என்றால் வெறும் டிஸ்டில்டு வாட்டரும் ஒரு சொட்டு வெட்டிங் ஏஜென்டும் போதும், உடனே துடைக்க வேண்டும். கடைப் பையன் கேட்டுக்கொண்டுதான் செய்கிறான் என்றாலும் நீங்களும் ஒரு முறை சொல்லிவிடுங்கள். லேபிளை மூட அவர்கள் வைத்திருக்கும் ரப்பர் வட்டு சரியாகப் பொருந்தவில்லை, இரண்டு தட்டில் லேபிள் ஓரம் நனைந்தது. தேதி பார்க்க உதவும் விளிம்பு வரி அங்கேதான் இருக்கிறது.

போட்டுக் கேட்க வைத்திருக்கும் பிளேயரில் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி), தட்டின் மேல் அழுத்தும் எடை ஐந்து கிராமுக்குக் குறையாது. ஒரு பாட்டு கேட்டுப் பார்க்கத் தவறில்லை, முழுப் பக்கமும் ஓடவிட வேண்டாம். 78க்கும் எல்.பி.க்கும் ஒரே கார்ட்ரிட்ஜில் ஊசியைத் திருப்பிப் போடும் வகை அது. திருப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள், 78 ஊசி எல்.பி. வரியின் மேல் ஓடினால் அந்த ஒரு முறையே கெடுத்துவிடும்.

வாங்கிய பத்து நாளுக்குள் சீட்டில் உள்ள ஆண்டு தவறு என்று ஆதாரத்தோடு காட்டினால் பணம் திருப்பித் தருகிறார்கள், சேதம் இருக்கக் கூடாது. ரசீதில் ஆண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் எழுத மாட்டார்கள். காலை பதினொன்றுக்குள் போனால் கிழக்கு ஜன்னலில் வெளிச்சம் நன்றாக விழும், மதியம் மூட்டம் இறங்கிவிட்டால் ரன்-அவுட் படிக்க முடியாது. ஞாயிறு விடுமுறை.

தட்டுகளை மலையிலிருந்து இறக்கும்போது காரின் டிக்கியில் படுக்க வைக்காதீர்கள். மேட்டுப்பாளையம் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வினைல் வளைய அரை மணி நேரம் போதும். பின்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் அட்டை கொடுத்து அசையாமல் கட்டுங்கள். வீட்டுக்குப் போனதும் உடனே உறையிலிருந்து உருவ வேண்டாம். குளிர்ந்த தட்டு கீழ்நாட்டுப் புழுக்கத்தில் வியர்க்கும், பழைய லேபிளில் அந்த ஈரம் ஏறும். உறையோடு இரண்டு மணி நேரம் அறையில் நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள்.